இரண்டாவது பொட்டலம்

மகளின் இதய அறுவைக்கு மருத்துவர் நாள் குறித்துவிட்டார். கணவர் கதிரேசன்தான் இசையவில்லை. "அம்மன் உத்தரவு இல்லாம பிள்ளை மேல கத்தி படக்கூடாது" என்றார். தர்க்கவியல் பேராசிரியை மரகதவல்லி வாதாடிக் களைத்தபின், பூக்கட்டிப் பார்ப்பதற்குச் சம்மதித்தாள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் மறுப்பு. பொட்டலங்களைத் தானே கட்டினாள். இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தாள்.

சந்நிதியில் கதிரேசன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. "பாத்தியா, உன் தர்க்கம் சொன்னதத்தான் அவளும் சொல்றா" என்று சிரித்தபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன. மற்றொன்றை அவள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மகளை உள்ளே கொண்டுசென்று அறுவை அரங்கின் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் அமர்ந்த மரகதவல்லியின் விரல்கள் கைப்பையைத் துழாவி அந்தப் பொட்டலத்தை எடுத்தன.

"இத இன்னும் தூக்கிப் போடலையா? குடு, பிரிச்சுப் பாப்போம்" என்று கதிரேசன் கை நீட்டினார்.

அவள் சட்டென்று உள்ளங்கையை மூடினாள். "வேண்டாங்க."

"ஏன், சிவப்புதானே இருக்கப்போகுது?"

சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் மரகதவல்லி.

"தெரியலங்க" என்றாள்.