நாலு மணிக் கதவு

“என்னக்கா, நாலு மணிக் கதவு இன்னிக்கி ரெண்டு மணிக்கே சாத்தியாச்சா?”

எதிர்வீட்டு ஆண்டாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டே கேட்டாள். சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாலும் தோள் குலுங்கியது. சொர்ணாம்பாளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“மருமவளுக்கு அசதியாம். காலு அமுக்கி விடுறானாம்.”

“யாரு, உன் புள்ளையா? பொண்டாட்டி காலையா?”

தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள் ஆண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது சொர்ணாம்பாளுக்கு.

மகன் மதிவாணன் பீங்கான் சாமான் செய்கிற செராமிக் பேட்டையில் சூளை வண்டி தள்ளுகிறான். நாலு மணிக்கு வேலை விட்டு வந்ததும் கை காலில் ஒட்டிய வெள்ளைத் தூசியைக்கூடக் கழுவாமல் பெண்டாட்டியோடு அறைக்குள் போய்விடுவான். சாத்திய கதவு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திறக்கும். பட்டப்பகலில் இந்தக் கூத்து. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கேட்டால் மருமகள் கயல்விழி ஒரே பாட்டைத்தான் பாடுவாள்.

“எனக்கு நரம்புல கோளாறுங்க அத்த. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்னு புதுச்சேரி டாக்டரு சொல்லியிருக்காரு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள ஆளையே சாச்சிப்புடும் அந்த அசதி.”

“நாளு பூரா குந்திக்கிட்டுப் பொம்மைக்குக் கண்ணு வைக்கிறியே, அப்ப எங்கடி போவுது அந்த அசதி?”

கயல் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பீங்கான் பொம்மையை எடுத்து வர்ணம் தீட்டத் தொடங்கிவிடுவாள்.

சொர்ணாம்பாளின் புருஷன் படுத்த படுக்கையாகவே கிடந்து போனவர். அதனால் மகன் லேசாகத் தும்மினால்கூடக் கஷாயத்தோடு வந்து நிற்பாள். “உனக்கு ஒண்ணுன்னா அன்னிக்கே நான் கெணத்துல வுழுந்துடுவேன்டா” என்பாள். அப்படிப்பட்ட பிள்ளை, இந்த மருமகளுக்குச் சேவகம் செய்தே தேய்ந்துகொண்டு வந்தான்.

போன மாதம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு புது மாத்திரை வாங்கி வந்தார்கள்.

“சீக்க மாத்தாதாம் அத்த, அசதியத்தான் கொறைக்குமாம். கொஞ்ச நாளு போட்டுப் பாக்கச் சொல்லியிருக்காங்க” என்று கயல் ஒரு வெள்ளை டப்பாவை அலமாரியில் வைத்தாள். தினமும் காலையில் ஒரு மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அதிசயம்தான். கொஞ்ச நாளிலேயே நாலு மணிக் கதவு திறந்து கிடந்தது. மதிவாணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தான். ஆண்டாளோடு வம்புகூடப் பேசினான். பெண்டாட்டி தேறியதும் பிள்ளை முகத்தில் களையைப் பார் என்று சொர்ணாம்பாள் பூரித்துப்போனாள்.

ஆண்டாள் விடுவாளா? “ஒரு மாத்திரையில ஓடிப்போவுற சீக்கு எங்கக்கா இருக்குது? எல்லாம் வேஷம். மாத்திரைய மாத்தி வச்சுப் பாரு, வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிடும்.”

சொர்ணாம்பாள் முட்டி வலிக்கு வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வெள்ளைதான், வட்டம்தான். கயல் குளிக்கப் போன நேரம் டப்பாவைக் காலி செய்து அதில் தன்னுடையதைக் கொட்டினாள். எடுத்ததைத் துணியில் முடிந்து கடுகு டப்பாவுக்குள் ஒளித்தாள். மனசு உறுத்தத்தான் செய்தது. சத்து மாத்திரைதானே, விஷத்தையா வைத்தோம் என்று தேற்றிக்கொண்டாள்.

ஒரு வாரம் கவனித்தாள். கயல் விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்தாள், துவைத்தாள், சமைத்தாள், பொம்மைக்குக் கண் வைத்தாள். எதிலும் ஒரு சுணக்கம் கிடையாது. ஆனால் நாலு மணிக் கதவு மட்டும் மறுபடி சாத்திக்கொண்டது. இன்றைக்கு மகன் பாதி வேலையிலேயே வந்துவிட்டான்.

அறைக் கதவு திறந்தது. கயல் சொம்போடு தண்ணீர் எடுக்க வந்தாள்.

“நில்லுடி” என்றாள் சொர்ணாம்பாள். “ஒரு வாரமா நீ முழுங்குனது என் முட்டி வலி மாத்திரை! நான்தான் மாத்தி வச்சேன். அதப் போட்டுக்கிட்டே இந்த ஓட்டம் ஓடுறியே, அப்ப சீக்குன்னு சொன்னது அத்தனையும் பொய்யிதானே?”

சொம்பு கைநழுவி விழுந்து உருண்டது.

“ஆமாங்க அத்த. பொய்யிதான்.” கயல் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த மாத்திரை எங்கங்க அத்த? தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“பாத்தியாக்கா, நான் சொல்லல?” என்றாள் ஆண்டாள்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் சொர்ணாம்பாள் கடுகு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். கயல் துணியை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடிய அவசரத்தில் கதவைச் சாத்தவில்லை.

கட்டிலில் மதிவாணன் தூசிச் சட்டையோடு துவண்டு கிடந்தான். கயல் அவன் தலையைத் தூக்கிப் பிடித்து மாத்திரையை அவன் வாயில் போட்டாள். பிறகு கால்மாட்டில் உட்கார்ந்து அவன் கால்களை அமுக்கத் தொடங்கினாள்.

“கதவச் சாத்து கயலு” என்று அவன் முனகினான். “அம்மா பாத்துடப் போவுது. சீக்கு எனக்குத்தான்னு தெரிஞ்சா அது தாங்காது.”

வாசலிலிருந்து ஆண்டாள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். சொர்ணாம்பாள் தலை நிமிராமல் நடந்துபோய், தன் கையாலேயே அந்தக் கதவைச் சாத்தினாள்.