யாரும் தொடக் கூடாது

"தொடாதீங்க!"

கண்ணாடி அலமாரிப் பக்கம் கையை நீட்டிய ஷாம் திடுக்கிட்டுப் போனான். சத்தம் போட்டது ஒருவர் இல்லை, இரண்டு பேர். சோபாவிலிருந்து ஜெனிஸ், அடுக்களை வாசலிலிருந்து அவன் மனைவி விஜிலா.

"நல்ல ஜோடிப் பொருத்தம்தான்," என்று சிரித்தான் ஷாம். ஜெனிஸின் அலமாரியைப் பார்க்கவே நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறி வந்தவன். சீல் உடைக்காத வீடியோ கேம் சேர்க்கும் பைத்தியம் அவனுக்கும் உண்டு.

ஜெனிஸ் கப்பலில் இன்ஜினியர். சிங்கப்பூர், கொரியா என்று இறங்கும் ஊரில் எல்லாம் கேம் வாங்குவான். விஜிலாவுக்கும் சேலை, வாட்ச் என்று வாங்கி வருவான். "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று அவள் அதையெல்லாம் நாத்தனாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். கேம் மட்டும் மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரியாமல் அலமாரிக்குள் போகும். "யாரும் தொடக் கூடாது" என்பான் ஜெனிஸ். அந்த வீட்டில் இருக்கிற 'யாரும்' விஜிலா ஒருத்திதான்.

"ஏன் தம்பி, விளையாடத்தான செஞ்சு விக்கான்? வாங்கி வச்சு வேடிக்கை பாக்கதுக்கா?" டீயை நீட்டினாள் விஜிலா. எப்படியாவது அவன் கண்ணை அலமாரியிலிருந்து திருப்ப வேண்டும் அவளுக்கு.

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க! சீல் உடைஞ்சா அது வெறும் டப்பா. என் தங்கச்சி மகனைக்கூட நான் அந்த ரூம் பக்கம் விட மாட்டேன்."

"பாவம் பிள்ள."

சொல்லிக்கொண்டே டீத் தட்டோடு அலமாரிப் பக்கம் நகர்ந்தாள். அந்த அலமாரியில் அவள் உடைக்காத டப்பா ஒன்றுகூட இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனபோது ஜெனிஸ் நடுக்கடலில் இருந்தான். சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல் கிடந்தவள் ஒரு நாள், 'இந்த மனுஷன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்க இதுல என்னதான் இருக்கு?' என்ற ஆத்திரத்தில் ஒரு டப்பாவைக் கிழித்தாள். வீட்டில் கிடந்த கேம் மெஷினில் போட்டதும் டிவியில் ஒரு தீவு வந்தது. தோட்டம் போட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், ஆட்டுக்குட்டிக்குத் தீனி வைக்க வேண்டும். குட்டி பசியில் கத்தும்போது படுத்துக் கிடக்க முடியவில்லை. அப்படித்தான் எழுந்து உட்கார்ந்தாள். அதற்காக பனிமய மாதா கோயிலில் மெழுகுதிரிகூட ஏற்றினாள், காரணத்தை யாரிடமும் சொல்லாமல்.

அவள் வேலை பார்ப்பது பேக்கரியில். மக்ரூன் டப்பாவுக்குக் கண்ணாடித்தாள் சுற்றிச் சூடு காட்டும் மெஷினில் இதையும் கொடுத்து ஒட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். அப்புறம் அடுத்த டப்பா. அதற்கப்புறம் அடுத்தது.

"அண்ணே, ஒன்னே ஒன்னு எடுத்துக் காட்டுங்க," என்று கெஞ்சினான் ஷாம்.

"வேண்டாம் தம்பி. காத்து படக் கூடாது."

"நமத்துப்போக இது என்ன முறுக்காண்ணே? அதுவுமில்லாம, புதுசா வாங்கினதெல்லாம் தோட்டம் போடுதது, சமைக்கது, மீன் பிடிக்கது... அதுல ஒரு சண்டை கேமைக்கூடக் காணமே! சேக்கவன் யாரும் இதெல்லாம் வாங்க மாட்டானே."

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்று கடுகடுத்த ஜெனிஸ், அலமாரியை மறைத்து நின்றுகொண்டான்.

நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. எடுக்கத் திரும்பியதுதான் தாமதம், ஷாம் ஒரு டப்பாவை உருவிவிட்டான். திருப்பிப் பார்த்தான். மடிப்பைத் தடவினான். மூக்கருகே கொண்டுபோனான்.

"அண்ணே, இதுல மக்ரூன் வாசம்லா அடிக்கு!"

விஜிலா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாதாவே, காப்பாத்து!

"இது கம்பெனி சீல் இல்லண்ணே. யாரோ உடைச்சு, திரும்ப ஒட்டியிருக்காங்க. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க."

ஜெனிஸின் முகம் சிவந்தது. டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. சரி, டீயைக் குடிங்க தம்பி. பஸ் போயிரும்."

"மனசத் தேத்திக்கோங்கண்ணே," என்று துக்க வீட்டில் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கிளம்பினான் ஷாம்.

கதவு சாத்தியதும் விஜிலாவால் தாங்க முடியவில்லை.

"கடைக்காரன் இல்லங்க. நான்தான். எல்லாத்தையும் நான்தான் உடைச்சேன். நீங்க ஆசை ஆசையாச் சேத்தத நாசமாக்கிட்டேன். ஆனா சத்தியமாச் சொல்லுதேன், அந்த டப்பாவுக்குள்ள இருந்த ஆட்டுக்குட்டி மட்டும் இல்லன்னா, அன்னைக்கு நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன். அதுக்கு நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன். நீங்க என்ன வேணாலும் திட்டுங்க."

ஜெனிஸ் கையிலிருந்த டப்பாவை அலமாரியில் வைத்தான். உள்ளே போய், கப்பலிலிருந்து வந்த பிறகு இன்னும் பிரிக்காமல் கிடந்த பையைத் தூக்கி வந்தான். புது கேம் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தான். அட்டையில் ஒரு பேக்கரி, அடுப்பு முன்னால் ஒரு பெண். கூடவே இன்னொரு பொட்டலம். விஜிலா அழுகையோடு அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு சுருள் கண்ணாடித்தாள், சூடு காட்ட ஒரு சின்ன மெஷின்.

"இது எதுக்குங்க?"

"பேக்கரித் தாள் வேண்டாம்ளா, வாசம் காட்டிக் கொடுக்கு," என்றான் ஜெனிஸ். கண் கலங்கியிருந்தாலும் சிரித்தான். "போன்ல பேசாமக் கெடந்தவ எப்படி மறுபடி பேச ஆரம்பிச்சான்னு, லீவுக்கு வந்து நீ ஒட்டி வச்ச டப்பாவ எடுத்தப்ப, மக்ரூன் வாசத்துலதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் எனக்குன்னு ஒரு கேம்கூட வாங்கல. உனக்குன்னு கொடுத்தா என் தங்கச்சி வீட்டுக்குப் போயிரும். 'யாரும் தொடக் கூடாது'ன்னு சொன்னாத்தான நீ தொடுவ!"