டோக்கன் இல்லாதவள்

டோக்கன் இல்லை, டாக்டர் சீட்டு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேன் அறைக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வெளியே பெஞ்சில் ஒன்பது பெண்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிரம்பினால்தான் அதற்குப் பின்னால் இருப்பது திரையில் தெரியும். ஒருத்தி தும்மப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவர்களை விட்டுவிட்டு இவளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மூன்று மாதமாக அடிவயிறு கனக்கிறதாம். சுடிதார் இடுப்பில் இறுக்கியபோது தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாளே தவிர, வந்து காட்டவில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. கேட்டால், வேலையாம். நாட்டையே தூக்கி நிறுத்துகிற வேலை!

ஜெல்லைப் பிதுக்கினேன். துள்ளினாள். சில்லென்று இருக்கும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுகிற நான் இவளுக்குச் சொல்லவில்லை.

கருவியை வைத்து அழுத்தினேன்.

முதலில் சிறுநீர்ப்பை, கறுப்பாக. அதற்குப் பின்னால், வலது பக்கம், இருக்கவே கூடாத ஓர் உருண்டை.

வெறும் நீர்க்கட்டி என்றால் உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும். பெரும்பாலும் பயமில்லை. இது பாதிதான் கறுப்பு. மீதியெல்லாம் வெள்ளைத் திட்டு. கலர் பொத்தானைத் தட்டினேன். திட்டுக்குள் சிவப்பும் நீலமும் மின்னின. ரத்தம் ஓடுகிறது. அது நல்லதற்கில்லை.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு இழுத்து அளந்தேன்.

மற்றவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதினோரு வருஷமாக அதில் யாரும் ஒன்றும் படித்ததில்லை. இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அளவைக்கூடப் படித்துவிட்டாள். ஏழரை சென்டிமீட்டர்.

படம் எடுப்பவள் வாய் திறக்கக்கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே அதுதான் விதி.

“ஒண்ணும் யோசிக்காதம்மா, எல்லாம் டாக்டர் சொல்வாங்க,” என்றேன்.

மசியவில்லை. அழித்துவிடு என்று ஒரே அடம்.

சேமித்தால் படம் பக்கத்து அறையில் டாக்டரின் திரைக்குப் போய்விடும். அழித்துவிட்டால், இப்படி ஒருத்தி இங்கே வந்து படுக்கவே இல்லை. மகளின் பரீட்சை முடியட்டுமாம், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

மகளுக்குப் பதினாறு வயது. பரீட்சை முடிந்த பிறகும் அவளுக்கு அம்மா வேண்டாமா? கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. பாவமாகவும் இருந்தது.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். நர்ஸ்தான்.

“அக்கா, கதவத் திறங்க! இங்க ஒருத்தராலயும் இனிமே அடக்க முடியாது!”

சேமிக்கும் பொத்தானை அமுக்கினேன். பெயர் இல்லாமல் ஏற்க மாட்டேன் என்றது மெஷின்.

கருவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, படுத்தபடியே எட்டி, என் பெயரை அடித்தேன்.

அடுத்து வயதைக் கேட்டது. அதில் மட்டும் இரண்டைக் குறைத்துப் போட்டேன்.