விரல் நீட்டாத பிள்ளை

"என் பிள்ளைக்கு என்னடி குறை?"

அன்று அவள் கணவன் அப்படித்தான் எகிறினான். இரண்டு வயதாகியும் பையன் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பரிசோதித்துப் பார்க்கலாமே என்று சொன்னதற்குத்தான் அந்தக் கத்தல். "எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது. வெளியில மூச்சு விடாதே!"

இன்று அவனிடம் சொல்லாமலே குழந்தைகள் வளர்ச்சி மையத்துக்கு வந்துவிட்டாள். பாதி திறந்திருந்த கதவு வழியே டாக்டரின் அதட்டல் கேட்டது.

"இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? சீக்கிரம் வந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாமே! உங்களுக்குக் கௌரவம் பெரிசா, பிள்ளை பெரிசா?"

உள்ளேயிருந்து ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய், பையனை டாக்டரின் மேசைமேலேயே உட்கார வைத்தாள்.

"அதே கேள்வியை என்கிட்டயும் கேளுங்க டாக்டர். ஆனா பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை. இவனோட அப்பா."

சொல்லிவிட்டு, டாக்டரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் பையன் முன்னால் ஒரு பந்தை உருட்டினாள்.

டாக்டராக உட்கார்ந்திருந்த அவள் கணவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான்.