காப்பு மாற்றும் நேரம்

கேதாரகௌரி விரதத்தின் கடைசி நாள். ஐப்பசி மழை கோயில் தகரக் கூரையில் கொட்டுகிறது. போன வருடக் காப்பு நூலை ஐயர் அறுத்துத் தட்டில் போட, திலகவதி தன் இடது மணிக்கட்டைப் பார்க்கிறாள். நூல் இருந்த இடம் வெளிறித் தெரிகிறது. ஒரு வருடத்துக்குப் பிறகு அங்கே காற்றுப் படுகிறது. "அம்பாள் இந்த விரதம் பிடிச்சுத்தான் சிவனில பாதியாச் சேர்ந்தவ," என்கிறார் ஐயர். அப்படியென்றால் அம்பாளின் மற்றப் பாதி எங்கே போனது என்று கேட்க இவளுக்கு நாக்குத் துடிக்கிறது. பக்கத்தில் கணவர், மாத்தளை அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் உருத்திரமூர்த்தி, கண்ணை மூடிக் கும்பிடுகிறார்: "ஏழேழு பிறப்புக்கும் எனக்கு இவதான் வேணும், தாயே." மஞ்சள் ஈரத்தோடு புது நூல் கையைச் சுற்றுகிறது. முடிச்சைப் போட்டுவிட்டு, "இறுக்குதோ பிள்ளை?" என்கிறார் ஐயர். அவள் வாய் திறக்குமுன், "இல்லை ஐயா, அவவுக்குப் பழக்கம்," என்கிறார் கணவர். தட்டில் கிடக்கும் பழைய நூல், அறுத்த பிறகும், அவள் கையளவுக்கே வளைந்திருக்கிறது.