கோணல் பெடல்

“இதை நேராவே போட்டுடறேன், ஹாஜி.”

“அதெல்லாம் வேணாம். கோணலாத்தானே இருக்கு? கோணலாவே போடு.”

நுஹைலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டறையிலிருந்து டிராயிங் போட வந்திருப்பவள் அவள். கம்பெனி மேஸ்திரி ஹாஜி புஷைப், அவள் வந்து உட்கார்ந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார்.

சாஃபி துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனி அது. டப்பாவுக்கு மூடி அழுத்துகிற மிஷின்கள் எட்டு, ஒரே வரிசையில் நிற்கின்றன. காலையில் கடைசி மிஷினின் கால் பெடல் இரண்டாக உடைந்துவிட்டது. பழைய பிரெஞ்சு மிஷின். அதைச் செய்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது. உடைந்ததை அளந்து, டிராயிங் போட்டு, பட்டறையில் புதிதாகச் செய்தால்தான் உண்டு. நாளைக்குப் படகுகள் வந்துவிடும்.

அந்த மிஷினில் வேலை பார்க்கிற மஹ்ஜூபா ஓரமாக ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

நுஹைலா இரண்டு துண்டையும் மேஜைமேல் சேர்த்து வைத்துக் காட்டினாள்.

“இங்க பாருங்க ஹாஜி. மத்த ஏழு பெடலும் நேரா இருக்கு. இது மட்டும் நாலு விரல் உயரத்துக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. யாரோ பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால அடிச்சு வளைச்சிருக்காங்க. அடிச்ச தழும்பு தெரியுதா? விரிசல் விட்டதும் அதே இடத்துலதான்.”

“உன்னை டிராயிங் போடக் கூப்பிட்டாங்களா, தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டாங்களா?”

மீன் தலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

“இன்னைக்கு ஹாஜிக்கு டீயில சர்க்கரை போட மறந்துட்டாங்க போல” என்றாள் ஒருத்தி.

“அங்க என்ன சிரிப்பு? கை வேலையைப் பார்க்கட்டும்!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினார் ஹாஜி.

நுஹைலா குரலைத் தணித்துக்கொண்டாள். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த டிராயிங் கசாபிளாங்காவுல இருக்கிற முதலாளிக்குப் போகும். அவர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் பட்டறையில வேலையைத் தொடுவாங்க. கோணலைப் பார்த்தா, யார் வளைச்சதுன்னுதான் முதல்ல கேப்பாரு. மிஷின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டதுக்கு, போன சீசன்ல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிட்டாராமே?”

“ஆமா, அனுப்பினாரு.”

“நேரா போட்டுட்டா கேள்வியே வராது. யார் வளைச்சாங்களோ அவங்களும் தப்பிச்சாங்க.”

“நான்தான் வளைச்சேன். எழுதிக்கோ.”

நுஹைலா பென்சிலைக் கீழே வைத்தாள். “எதுக்கு ஹாஜி?”

“கை அரிச்சுது. போதுமா? கோணலாவே போடு.”

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அட, என்ன மனுஷன் இவர்! வேலை போனாலும் போகட்டும், தான் செய்த கோணல் மட்டும் நிற்க வேண்டுமாம். இப்படியும் ஒரு வறட்டுப் பிடிவாதமா என்று நினைத்துக்கொண்டாள் நுஹைலா. புதுப் பெடலும் உடைந்தால் கெட்ட பேர் இவருக்கா வரப்போகிறது? அவளுக்கும் பட்டறைக்கும்தான் வரும். ஸ்கேலை வைத்துக் கோட்டை நேராகவே இழுத்தாள்.

தரையிலிருந்து பெடல் எவ்வளவு உயரம் என்பது மட்டும்தான் பாக்கி.

“அக்கா, உங்க மிஷின்ல கொஞ்சம் வந்து உக்காருங்க. மிதிக்கிற மாதிரி காலை வைங்க, அளந்துக்கறேன்.”

மஹ்ஜூபா எழுந்து வந்தாள். நடக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் இடது கால் தரையில் ஊன்றியது. வலது கால் தரையைத் தொடாமல் தொங்கியது.

“நல்லா அளந்துக்கோ, தங்கச்சி. இது சரியா வரலேன்னா எனக்கு இங்க வேலையே இல்ல. மத்த மிஷின் எதுவும் என் காலுக்கு எட்டாது.”

“இது மட்டும் எப்படி அக்கா எட்டுது?”

“அதை ஏன் கேக்கிற! வேலைக்கு வந்த முதல் நாள் ஒவ்வொரு மிஷினா உக்காந்து பார்த்தேன். ஒண்ணும் எட்டல. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் காலையில ஹாஜி ஆள் விட்டுக் கூப்பிட்டு, ‘கடைசி மிஷினைப் பார்க்காமலே போயிட்டியே, கண்ணு தெரியாதா உனக்கு?’ன்னு ஒரே திட்டு. நானும் பயந்துக்கிட்டே வந்து உக்காந்தா, எனக்குன்னே செஞ்ச மாதிரி எட்டுது! எந்தப் பிரெஞ்சுக்காரன் செஞ்சானோ, பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்.”

அளப்பதற்காகக் குனிந்த நுஹைலா உடனே நிமிரவில்லை. தொங்கிய காலுக்கும் தரைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள்; சரியாக நாலு விரல்.

மேஜைக்குத் திரும்பி வந்து நேர்கோட்டை அழித்தாள். நாலு விரல் உயரத்துக்குக் கோணலை அப்படியே போட்டு, மறுபடி விரிசல் விடாதபடி அந்த இடத்தில் மட்டும் தடிமனைக் கூட்டினாள். ஓரத்தில் ஒரு வரி எழுதினாள்.

ஹாஜி டீ கிளாஸும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். கோணல் இருந்தது.

“ம்” என்றார். பிறகு மஹ்ஜூபாவின் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார். “யார் வளைச்சதுன்னு எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் ஹாஜி. மிஷினைச் செஞ்ச பிரெஞ்சுக்காரன்தான் வளைச்சான்னு.”