கிணற்றுத் தண்ணீருக்கேற்ற மீன்

தக்கலை வளர்ப்பு மீன் கடையில், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் நீட்டினாள் சுபிதா. சோதித்துப் பார்த்த கடைக்காரர் சிரித்தார்.

"சுண்ணாம்பே இல்லாத தண்ணி மக்கா. ரெண்டடித் தொட்டிதானே? நியான் டெட்ரா மீன் ஜோரா வளரும்."

"எங்க அப்பா தோண்டின கிணறாக்கும்." அந்த வீட்டை அப்பா அவளுக்குத்தான் எழுதிவைத்திருந்தார்.

கணவன் எட்சன் குறுக்கிட்டான். "டெட்ரா வேண்டாம். சுண்ணாம்பு படியுற போர்த் தண்ணியில கிடக்கிற மீனா தாங்க. மோலி, கப்பி..."

"நம்ம வீட்டுல ஏது போர்?"

எட்சன் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாம குடிபோகப்போற நாகர்கோவில் ஃப்ளாட்டுல போர்த் தண்ணிதான் வரும், சுபி."

"அப்பா வீடு?"

"வரி கட்டன்னு நீ எழுதித்தந்த பவர் பத்திரத்த வச்சு நேத்து வித்தாச்சு. உனக்கு மனசு ஆறட்டும்னுதான் இந்த மீன்."

கடைக்காரர் பாட்டில் தண்ணீரைக் கொட்டப் போனார். சுபிதா பிடுங்கிக்கொண்டாள்.